கிளியர் அடித்தால் எங்கே போகிறது?

அக்கா மகன் கிருஷ்ணகிரியிலிருந்து வந்து எலக்ட்ரானிக் சிட்டியில் டிரெய்னியாகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. பொம்மனஹள்ளியில் ஒரு பிஜியில் இன்னும் மூன்று பையன்களோடு அறையைப் பங்கு போட்டுக்கொண்டு இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அல்சூரில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். லேப்டாப்பும் கூடவே வரும். அறைச் செலவுக் கணக்குப் பார்க்க சி மொழியில் ஒரு சின்ன நிரல் எழுதியிருக்கிறான். செலவு சேர், யார் யாருக்கு எவ்வளவு, வெளியேறு என்று மூன்றே வரி மெனு. போன ஞாயிறு ரசம் சாதம் முடிந்து மோருக்குப் போகும் நேரத்தில் கேட்டான்:

"மாமா, டெர்மினல்ல கிளியர்னு அடிச்சு எண்டர் தட்டினா மேல இருந்தது மொத்தமும் போயிடுது. கன்ட்ரோல்-எல் அழுத்தினா திரை காலியாகுது, ஆனா மேல தள்ளிப் பார்த்தா எல்லாம் அப்படியே இருக்கு. என் புரோகிராம்ல எங்கேயோ பார்த்து ஒரு வரி போட்டேன். அது துடைக்குது, ஆனா மெனு பாதித் திரையிலேருந்து ஆரம்பிக்குது. மூணும் ஒரே வேலைதானே?"

இல்லை. டெர்மினல் என்பது கட்டளைகளை எழுத்தாக அடித்து விடை பார்க்கும் சன்னல். அதில் இந்த மூன்றையும் மூன்று வெவ்வேறு ஆட்கள் செய்கிறார்கள். அவன் குழம்பியதற்கு அவன் மட்டும் காரணமில்லை. இங்கே பொறியியல் படித்த பெரும்பாலோர் முதல் நாள் ஆய்வகத்திலேயே இந்தக் குழப்பத்தை வாங்கிக்கொண்டுதான் வெளியே வருகிறோம்.

சி நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கும் டர்போ சி என்ற கம்பைலரை போர்லாண்ட் நிறுவனம் 1987-இல் வெளியிட்டது. நம் கல்லூரிகள் அதை விடவே இல்லை. டாஸ் என்ற பழைய இயங்குதளம் செத்துப் பல வருஷம் ஆன பிறகும், அதைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸுக்குள் அதை உட்கார வைத்து நீலத் திரையில் சொல்லிக்கொடுத்தார்கள். மெயின் தொடங்கியதும் மாறிகளை அறிவிக்க வேண்டும். அடுத்த வரி சிஎல்ஆர்எஸ்சிஆர். வாயால் சொல்லும்போது எல்லோருக்கும் அது கிளியர்-ஸ்க்ரீன். கடைசி வரி, ஒரு விசை அழுத்தும் வரை காத்திருக்கும் கெட்ச். நடுவில் என்ன எழுதினாலும் இந்த இரண்டும் இருக்க வேண்டும். பிள்ளையார் சுழி போட்டு ஆரம்பிப்பது போல. தப்பித்தவறி கிளியர்-ஸ்க்ரீனை மாறிகளுக்கு மேலே எழுதிவிட்டால், இங்கே அறிவிப்புக்கு இடமில்லை என்று பிழை வரும். அந்தக் கால சி மொழியில் அறிவிப்புகள் முடிந்த பிறகுதான் மற்ற கட்டளைகள் வரலாம். ஆய்வக உதவியாளர் வந்து வரியைக் கீழே இறக்கிவிட்டுப் போவார். ஏன் என்று நாமும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கிளியர்-ஸ்க்ரீன் அங்கே தேவைப்பட்டதற்குக் காரணம் எளிது. டர்போ சியில் நிரலின் வெளியீடு தனியாக ஒரு திரையில் விழும். ஒரு முறை ஓட்டியது அடுத்த முறை ஓட்டும்போதும் அங்கேயே இருக்கும். துடைக்காவிட்டால் நேற்றைய ஃபிபனாச்சியும் இன்றைய பகா எண்ணும் ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்கும். ரெக்கார்டு நோட்டில் எழுதப் பார்த்தால் எது எந்த நிரலின் விடை என்று தெரியாது. அதனால் துடை.

அங்கே துடைப்பது என்றால் உண்மையிலேயே துடைப்பதுதான். டாஸ் கணினியின் எழுத்துத் திரை 80 பத்தி, 25 வரி. ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு பைட்: ஒன்று எழுத்து, மற்றது அதன் நிறம். பெருக்கிப் பார்த்தால் 4000 பைட். வண்ணத் திரை அட்டை உள்ள கணினியில் அந்த 4000 பைட்டும் பி8000 என்ற பதினாறடிமான முகவரியிலிருந்து நினைவகத்தில் வரிசையாக இருக்கும். நிரல் நேராகப் போய் அங்கே கைவைக்கலாம், தடுக்க யாரும் இல்லை. கிளியர்-ஸ்க்ரீன் அந்தக் கட்டங்களில் வெற்றிடத்தையும் அப்போதைய நிறத்தையும் எழுதிவிட்டு, கர்சரை இடது மேல் மூலைக்குக் கொண்டுபோகும். பின்புல நிறத்தை நீலமாக்கிவிட்டு அதை அழைத்தால் திரை முழுக்க நீலமாவது இதனால்தான். சிலேட்டைக் கோவை இலையால் தேய்த்த மாதிரி. சிலேட் நம் மடியில் இருக்கிறது, இலை நம் கையில் இருக்கிறது.

லினக்ஸுக்கு வந்ததும் சிலேட் நம் மடியில் இல்லை. கிளியர்-ஸ்க்ரீனுக்கு வேண்டிய கோனியோ டாட் ஹெச் என்ற கோப்பே இல்லை என்று கம்பைலர் சொல்லும்போது பையன்கள் அதை வெறும் பெயர்ச் சிக்கலாக எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே வேறு பெயர், இங்கே வேறு பெயர், தேடினால் கிடைத்துவிடும் என்று. மாறியிருப்பது பெயர் மட்டும் என்றால் பரவாயில்லை. திரைக்கும் நிரலுக்கும் நடுவே ஒரு கம்பி வந்துவிட்டது.

அந்தக் கம்பி எங்கிருந்து வந்தது என்று பார்க்க டெலிபிரிண்டர் காலத்துக்குப் போக வேண்டும். டெலிடைப் நிறுவனத்தின் மாடல் 33 வந்தது 1963-இல். ஒரு தட்டச்சுப் பொறி, அதற்குப் பின்னால் ஒரு வயர். விநாடிக்கு 10 எழுத்து அடிக்கும். நம் ஊரிலும் இந்த இனம் உண்டு. சென்னை கிண்டியில் 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் பல வருஷம் இவற்றைச் செய்தது. தந்தி அலுவலகத்திலும் பத்திரிகை அலுவலகத்திலும் தடதடவென்று தாள் தள்ளிய பெட்டிகள் அந்த வகைதான். கணினியோடு பேச இதையே மாட்டினார்கள். யூனிக்ஸில் டெர்மினலுக்கு இன்றைக்கும் டிடிஒய் என்ற சுருக்கப் பெயர் நிற்பது அதனால்தான்.

தாளில் துடைப்பது ஏது? அடித்தது அடித்ததுதான். அதிகபட்சம் தாளை மேலே தள்ளிப் புதுப் பக்கத்துக்குப் போகலாம். அதற்கென்று ஆஸ்கி அட்டவணையில் ஓர் இடம் உண்டு: 12-ஆம் எண், ஃபார்ம் ஃபீட். பக்கம் பக்கமாக அச்சடிக்கும் இயந்திரம் இதைப் பார்த்ததும் அடுத்த பக்கத்தின் தலைக்குப் போகும். கன்ட்ரோல் விசையோடு ஓர் ஆங்கில எழுத்தை அழுத்தினால், அகர வரிசையில் அந்த எழுத்தின் இடம் எதுவோ அந்த எண் போகும். 12-ஆம் எழுத்து எல். கன்ட்ரோல்-எல் பிறந்த கதை இவ்வளவுதான். 1984-இல் கிளாஸ் திட்டத்தில் நம் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோ கணினிகளிலும் திரை துடைக்கும் கட்டளை உள்ளுக்குள் இதே 12-ஐத்தான் அனுப்பியது. பக்கம் மாற்று என்ற கட்டளைக்குத் திரை கிடைத்ததும், திரையைத் துடை என்று பொருள் மாறிவிட்டது.

ஆனால் இன்றைய டெர்மினலில் 12-ஐ அனுப்பினால் துடைக்காது. மருமகனிடம் இதை நம்ப வைக்க ஒரு சோதனை போதும். கொடுத்ததை அப்படியே திரைக்கு எழுதும் கேட் என்ற கட்டளையை எந்தக் கோப்புப் பெயரும் இல்லாமல் ஓட்டு, பிறகு கன்ட்ரோல்-எல் அழுத்து என்றேன். திரையில் ஒரு கூரைக்குறியும் எல்லும் வந்து நின்றன. எண்டர் தட்டியதும் கேட் அதைத் திருப்பி அனுப்பியது. டெர்மினல் ஒரு வரி கீழே இறங்கியது, அவ்வளவுதான். 1978-இல் வந்த விடி100 டெர்மினலே ஃபார்ம் ஃபீடை வெறும் வரியிறக்கமாகத்தான் எடுத்துக்கொண்டது. பின்னால் வந்தவையும் அதே வழியில் போயின.

"அப்போ பாஷ்ல மட்டும் எப்படி மாமா துடைக்குது?"

பாஷ் என்பது டெர்மினலில் நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல். அது விசையைப் பார்த்துவிட்டுத் தானே துடைக்கிறது. அதற்குள் இருக்கும் ரீட்லைன் என்ற நூலகம் கன்ட்ரோல்-எல் வந்ததும் திரையைக் காலி செய்து, நீ பாதி அடித்து வைத்திருந்த வரியை மேலே திரும்ப எழுதுகிறது. விம் என்ற உரைத்திருத்தியில் அதே விசை, சிதறிய திரையை மறுபடி வரைந்து கொடுக்கும். கேட் அதைச் சாதாரண எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். விசை ஒன்றுதான், அதற்கு என்ன செய்வது என்பதை அந்த நேரத்தில் முன்னால் நிற்கும் நிரல் முடிவு செய்கிறது.

சரி, பாஷ் எதை அனுப்பித் துடைக்கிறது? இங்கேதான் வரலாறு கொஞ்சம் கூச்சலாக இருக்கும். கண்ணாடித் திரை வைத்த டெர்மினல்கள் 1970-களில் வரத் தொடங்கியபோது, ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தோன்றிய குறியை வைத்தது. லியர் சீக்லர் செய்த ஏடிஎம்-3ஏ, 1976. அதற்குக் கணினி 26-ஆம் எண்ணை, அதாவது கன்ட்ரோல்-இசட்டை அனுப்பினால் துடைத்துக்கொள்ளும். (விம்மில் கர்சரை நகர்த்த ஹெச், ஜே, கே, எல் என்று நான்கு எழுத்தைப் பயன்படுத்துகிறோமே, அதுவும் இந்த டெர்மினலின் விசைப்பலகையில் அம்புக்குறிகள் அந்த எழுத்துகள் மேல் அச்சாகியிருந்ததால் வந்த பழக்கம். விம்முக்கு முன்னோடியான விஐயை பில் ஜாய் எழுதியது அதில்தான்.) டெக் நிறுவனத்தின் விடி52-க்கோ முதலில் எஸ்கேப் ஹெச், பிறகு எஸ்கேப் ஜே. ஹெச் கர்சரை மூலைக்கு அனுப்பும், ஜே அங்கிருந்து கடைசி வரை அழிக்கும். எஸ்கேப் என்பது ஆஸ்கியில் 27. அடுத்து வருவது எழுத்தல்ல, கட்டளை என்று சொல்லும் அடையாளம்.

இதை ஒழுங்குபடுத்த 1976-இல் எக்மா-48 என்ற தரம் வந்தது. அமெரிக்கத் தரம் 1979-இல். இடையில் வந்த விடி100 இந்தப் புது இலக்கணத்தைப் பேசியது, நன்றாக விற்றது, அதனால் அதுவே ஊர்ப்பேச்சாகிவிட்டது. எஸ்கேப், ஒரு சதுர அடைப்புக்குறி, ஓர் எண், ஓர் எழுத்து. அழிப்பதற்கு ஜே. எண் 0 என்றால் கர்சரிலிருந்து கீழே உள்ளது. 1 என்றால் கர்சர் வரை மேலே உள்ளது. 2 என்றால் முழுத்திரை. இன்று உன் லேப்டாப்பில் திறக்கும் டெர்மினல் சன்னல் எதுவானாலும் அது அந்தப் பழைய பெட்டியைப் போல நடிக்கும் ஒரு நிரல்தான்.

மருமகன் எங்கேயோ பார்த்துப் போட்ட வரி எஸ்கேப் [ 2 ஜே. அவன் மெனு பாதித் திரையில் தொடங்கியதற்கு விடை இதிலேயே இருக்கிறது. 2 ஜே அழிக்கும், ஆனால் கர்சரைத் தொடாது. எங்கே நின்றதோ அங்கேயே நிற்கும். முன்னால் எஸ்கேப் [ ஹெச் போட்டு மூலைக்குப் போகச் சொல்ல வேண்டும். டாஸில் ஆன்சி டாட் சிஸ் என்று ஒரு டிரைவர் இருந்தது. அது மட்டும் 2 ஜே வந்தால் கர்சரையும் மூலைக்குக் கொண்டுபோகும். அதைப் பார்த்துப் பழகியவர்கள் எழுதிய எத்தனையோ குறிப்புகளில் ஹெச் விடுபட்டுப்போய், அதை நகலெடுத்தவர்களுக்கெல்லாம் மெனு நடுவில் தொடங்குகிறது.

கிளியர் கட்டளை என்ன அனுப்புகிறது என்பதையும் கண்ணாலேயே பார்க்கலாம். அதன் வெளியீட்டைத் திரைக்கு விடாமல், ஓடி என்ற கட்டளைக்குப் பைப் போட்டு எழுத்து எழுத்தாகக் காட்டச் சொன்னோம். அவன் உபுண்டுவில் வந்தது இது: 033 [ ஹெச், 033 [ 2 ஜே, 033 [ 3 ஜே. எண்ணிப் பார்த்தால் 11 பைட். 033 என்பது எண்ம முறையில் எழுதிய 27. மூலைக்குப் போ, திரையை அழி, மூன்றாவதாக ஒரு 3 ஜே.

அந்த 3 ஜே பழைய பெட்டிகளில் இல்லவே இல்லை. விடி100-இல் மேலே போன வரி போனதுதான், திரும்பப் பார்க்க முடியாது. சன்னல் டெர்மினல்கள் வந்து, மேலே போன வரிகளையும் சேர்த்து வைக்கத் தொடங்கிய பிறகுதான் அதையும் அழிக்க ஒரு குறி தேவைப்பட்டது. எக்ஸ்டெர்ம் என்ற சன்னல் டெர்மினல் 1999-இல் 3 ஜேயைச் சேர்த்தது. லினக்ஸ் கெர்னலின் சொந்தக் கன்சோலுக்கு 2011-இல், 3.0 பதிப்பில் வந்தது. அதற்குப் பிறகுதான் கிளியர் கட்டளையே பழைய வரிகளையும் சேர்த்து அழிக்க ஆரம்பித்தது. பல பேருக்கு இது பிடிக்கவில்லை. எனக்கும்தான். ஒரு மணி நேரம் ஓடிய பில்டின் வெளியீட்டை ஒரு சொல்லில் இழந்துவிட்டு உட்கார்ந்தவனுக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும். இப்போது கிளியருக்கு மைனஸ் எக்ஸ் என்று ஒரு தெரிவு கொடுத்தால் பழைய வரிகளை விட்டுவிடும். ஆக, கிளியர் 3 ஜேயும் சேர்த்து அனுப்புகிறது, பாஷின் கன்ட்ரோல்-எல் அனுப்புவதில்லை, அவன் நிரல் ஹெச்சையே மறந்துவிட்டது.

"அப்போ பாஸ்வேர்டைத் தப்பா கமாண்ட் லைன்ல அடிச்சிட்டா கிளியர் பண்ணினாப் போதும்ல?"

போதாது. திரையில் போனாலும் பாஷின் வரலாற்றுக் கோப்பில் அந்த வரி அப்படியே உட்கார்ந்திருக்கும். ஒரே டெர்மினலைப் பலவாகப் பிரித்துக் கொடுக்கும் டிமக்ஸுக்குள் வேலை செய்தால் டிமக்ஸ் தனியாக ஒரு சேமிப்பு வைத்திருக்கும். மேலதிகாரி பின்னால் வந்து நிற்கும்போது மறைக்க வேண்டுமானால் கிளியர் உதவும். பாஸ்வேர்டை மாற்றுவதுதான் ஒழுங்கான வழி.

இத்தனை டெர்மினல், இத்தனை குறிகள். ஒரு நிரல் எதை அனுப்புவது? இதற்கு பெர்க்லியில் பில் ஜாய் 1978-இல் டெர்ம்கேப் என்று ஒரு கோப்பு செய்தார். எந்த டெர்மினலுக்குத் துடைக்க என்ன குறி, கர்சரை நகர்த்த என்ன குறி என்று ஒரு பட்டியல். 1980-களின் தொடக்கத்தில் மேரி ஆன் ஹார்டன் அதையே இன்னும் வேகமாகத் தேடும்படி டெர்மின்ஃபோ ஆக்கினார். இன்றும் அதுதான் ஓடுகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட டெர்மினல்களின் விவரம் அதில் கிடக்கிறது. பாதிக்கு மேல் இன்று எந்த மேசையிலும் இல்லாதவை. விடி100-க்கான பதிவைத் திறந்து பார்த்தால் துடைக்கும் குறிக்குப் பின்னால் ஒரு 50 ஒட்டிக்கொண்டிருக்கும். துடைத்துவிட்டு 50 மில்லிவிநாடி காத்திரு என்று பொருள். பெட்டி துடைத்து முடிப்பதற்குள் அடுத்த எழுத்தை அனுப்பினால் அது தொலைந்துவிடும். தரை காய்வதற்குள் மிதிக்காதே என்று அம்மா சொல்வது போல.

எந்த டெர்மினல் என்பதை நிரலுக்குச் சொல்வது டெர்ம் என்ற சூழல் மாறி. அது காலியாக இருந்தால் கிளியர் வேலை செய்யாது. குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரான் மூலம் நடுராத்திரி ஓடும் ஸ்கிரிப்டில் கிளியர் இருந்தால், டெர்ம் அமைக்கப்படவில்லை என்ற முனகல்தான் மின்னஞ்சலில் வந்து சேரும். புதுவகை டெர்மினலிலிருந்து பழைய சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச் வழியாகப் போனாலும் இதே கதை. உன் டெர்மினலின் பெயர் அந்தச் சர்வரின் பட்டியலில் இல்லை, இன்னதென்று தெரியாத டெர்மினல் என்று கை விரிக்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பத்து வருஷம் முன்னால் வேறு ஓர் இடத்தில் வேலை பார்த்தபோது, ராத்திரி ஓடும் கணக்குச் சரிபார்ப்பு ஸ்கிரிப்ட் ஒன்றை நான் எழுதிக் கொடுத்திருந்தேன். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு கட்டமும் தொடங்கும்போது ஒரு கிளியர். யார் கேட்டார்கள் அந்த அழகை? ஆபரேட்டர் அதன் வெளியீட்டை லாக் கோப்புக்குத் திருப்பிவிட்டு ஓட்டுவார். ஒருநாள் இரண்டு மணிக்கு போன். தொகை இடிக்கிறது. உள்ளே நுழைந்து லாகை கேட் செய்தேன். திரை பளிச்சென்று காலியாகி, கடைசிக் கட்டத்தின் நான்கு வரி மட்டும் நின்றது, எல்லாம் முடிந்தது என்று. மேலே தள்ளிப் பார்த்தாலும் ஒன்றுமில்லை. லாக் எழுதப்படவே இல்லை என்று முடிவு கட்டி, முக்கால் மணி நேரம் டிஸ்க் அனுமதிகளைத் துருவிக்கொண்டிருந்தேன். கோப்பின் அளவைப் பார்க்கத் தோன்றியபோதுதான் அது 60 கிலோபைட்டுக்கு மேல் இருப்பது தெரிந்தது. கோப்பைப் பக்கம் பக்கமாகக் காட்டும் லெஸ்ஸில் திறந்தால் முழுக் கதையும் இருக்கிறது, பிழைச் செய்தியோடு. நடுநடுவே எஸ்கேப் என்ற சொல் வெள்ளைப் பட்டையில் தலைகீழ் நிறத்தில்.

நடந்தது இதுதான். கிளியர் தன் 11 பைட்டை எழுதிய இடம் டெர்மினல் இல்லை, கோப்பு. அவை கோப்பில் பத்திரமாகப் படிந்துவிட்டன. நான் கேட் செய்தபோது அதே பைட்டுகள் என் டெர்மினலுக்கு வந்து சேர்ந்தன. டெர்மினல் தனக்கு இட்ட கட்டளை என்று எடுத்துக்கொண்டு, அதுவரை காட்டியதையெல்லாம் என் கண் முன்னாலேயே அழித்தது. நான் எழுதிய கிளியர் நான்கு மணி நேரம் கழித்து என்னையே அடித்தது.

அன்றிலிருந்து துடைக்கும் எந்த வரிக்கு முன்னாலும் ஒரு கேள்வி வைக்கிறேன்: எதிரில் இருப்பது டெர்மினல்தானா? ஷெல்லில் மைனஸ் டி 1 என்று ஒரு சோதனை. சி மொழியில் இஸ்-ஏ-டிடிஒய் என்று ஒரு செயற்கூறு. டெர்மினல் இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு நேரே எழுத வேண்டியதை எழுதிவிட்டுப் போக வேண்டும்.

சி நிரலுக்குள்ளிருந்து சிஸ்டம் செயற்கூறு வழியாகக் கிளியரைக் கூப்பிடுகிற வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கல்லூரி விட்டு வந்த பையன்கள் கிளியர்-ஸ்க்ரீன் கிடைக்காமல் தவிக்கும்போது முதலில் கையில் மாட்டுவது இதுதான். 11 பைட் அனுப்புவதற்காக ஒரு ஷெல்லை எழுப்பி, அது பாதை மாறியில் உள்ள கோப்புறைகளில் கிளியரைத் தேடி, அது டெர்மின்ஃபோவைப் படித்து, பிறகு எழுதுகிறது. பக்கத்துத் தெருவுக்குப் போக சில்க் போர்டு சுற்றிப் போகிற வேலை. கிளியர் என்ற பெயரில் வேறு யாராவது ஒரு கோப்பைப் பாதையில் முன்னால் வைத்திருந்தால் உன் நிரல் அதைத்தான் ஓட்டும். உயர் அனுமதியோடு ஓடும் நிரலில் இது விளையாட்டில்லை. விண்டோஸின் கமாண்ட் சன்னலில் கிளியர் என்று ஒன்று கிடையாது, சிஎல்எஸ். அங்கே ரொம்ப காலம் எஸ்கேப் குறிகளையே கமாண்ட் சன்னல் புரிந்துகொள்ளவில்லை. ஓர் இடது அம்புக்குறியையும் [2ஜேயையும் அப்படியே அச்சடித்துக் காட்டும். விண்டோஸ் 10 காலத்தில்தான் அது சரியானது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு மருமகனின் நிரலைத் திறந்து பார்த்தேன். ஏழு இடத்தில் துடைக்கிறான். மெனு காட்டும் முன், செலவு வாங்கும் முன், வாங்கிய பின், தப்பான எண் கொடுத்தால் திட்டும் முன். திட்டிய பிறகு உடனே மெனுவுக்காக மறுபடி துடைப்பதால் திட்டு என்ன என்று யாராலும் படிக்க முடியாது. அதற்கு ஒரு மருந்தாக இரண்டு விநாடி ஸ்லீப். இது நம் எல்லோருடைய முதல் நிரலிலும் இருந்ததுதான், சிரிக்கவில்லை.

"இதுல எது உனக்கு நிஜமா வேணும்?" என்றேன்.

யோசித்துப் பார்த்தால் அநேகமாக எதுவும் வேண்டியதில்லை. மெனு போட்டு பதில் வாங்கும் நிரல் வரி வரியாகக் கீழே போய்க்கொண்டே இருக்கலாம். ஐந்து நிமிஷம் முன்னால் என்ன செலவு போட்டோம் என்று மேலே தள்ளிப் பார்க்க முடிவது பயன்தானே. அந்தத் திரையில் அவன் நிரலுக்கு முன்னால் அவன் ஓட்டிய மற்ற கட்டளைகளும் இருக்கின்றன. அவற்றை அழிக்க இந்தக் கணக்கு நிரலுக்கு யார் உரிமை கொடுத்தது? டர்போ சியில் 4000 பைட்டும் நிரலுடையது. இங்கே திரை உட்கார்ந்திருப்பவருடையது, நிரல் வந்து போகிற விருந்தாளி.

முழுத்திரையும் வேண்டும் என்கிற நிரல்களுக்கு மாற்றுத் திரை என்று ஓர் ஏற்பாடு உண்டு. விம், லெஸ், ஹெச்டாப் எல்லாம் அப்படித்தான். தொடங்கும்போது எஸ்கேப் [ ? 1049 ஹெச் அனுப்பினால் டெர்மினல் உன் பழைய திரையை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு ஒரு புதுத் திரையைக் கொடுக்கும். முடிந்து வெளியே வரும்போது ஹெச்சுக்குப் பதில் எல் அனுப்பினால் பழையது அப்படியே திரும்பும். இங்கே ஹெச்சும் எல்லும் சின்ன எழுத்து. விம்மை மூடியதும் பழைய ப்ராம்ட் ஒன்றும் ஆகாமல் அங்கேயே இருக்கிறதே, காரணம் இதுதான்.

அப்புறம், அடிக்கடி மாறும் திரை. விநாடிக்கு ஒரு தரம் எண்ணைப் புதுப்பிக்கும் நிரலில் ஒவ்வொரு தரமும் துடைத்து மறுபடி எழுதினால் திரை சிமிட்டும். துடைத்ததற்கும் எழுதியதற்கும் நடுவே ஒரு கணம் காலியாக இருப்பதைக் கண் பிடித்துவிடுகிறது. கோலத்தில் ஒரு புள்ளி தள்ளிப்போனால் யாரும் வாசல் முழுக்க மறுபடி தண்ணீர் தெளிப்பதில்லை. விரலால் அந்த இடத்தை மட்டும் தேய்த்துவிட்டுப் புள்ளியைத் திரும்ப வைப்பார்கள். கென் ஆர்னால்டு பெர்க்லியில் எழுதிய கர்சஸ் நூலகம் செய்வதும் அதைத்தான். இப்போது திரையில் என்ன இருக்கிறது என்று ஒரு நகல், இனி என்ன இருக்க வேண்டும் என்று இன்னொரு நகல். புதுப்பிக்கச் சொன்னதும் இரண்டையும் ஒப்பிட்டு, மாறிய இடங்களை மட்டும் அனுப்பும்.

இந்தச் சிக்கனம் அன்று ஆடம்பரம் இல்லை. 80 பத்தி, 24 வரி என்றால் 1920 எழுத்து. விநாடிக்கு 30 எழுத்துப் போகும் 300 பாட் தொலைபேசி மோடத்தில் முழுத்திரையை நிரப்ப 64 விநாடி. 9600 பாட் கம்பியில்கூட இரண்டு விநாடி. துடைத்துவிட்டு எல்லாவற்றையும் திரும்ப அனுப்பு என்றால் ஒவ்வொரு விசைக்கும் அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்.

கர்சஸில் துடைக்க இரண்டு பெயர் இருப்பது இங்கே வந்து மாட்டும். ஒன்று கிளியர், மற்றது எரேஸ். இரண்டும் நகலை வெறுமையாக்கும். ஆனால் கிளியர், அடுத்த புதுப்பிப்பில் திரையை உண்மையிலேயே துடைத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து அனுப்பு என்றும் சேர்த்துச் சொல்லிவிடும். ஒப்பிடும் வேலை வீணாகும், சிமிட்டல் திரும்பி வரும். கர்சஸ் எழுதியும் திரை துடிக்கிறது என்று யாராவது சொன்னால், நான் முதலில் தேடுவது சுழலுக்குள் ஒரு கிளியர் இருக்கிறதா என்றுதான். எரேஸாக மாற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

மருமகனுக்குக் கர்சஸ் வேண்டாம். அவனுக்கு வேண்டியது ஒரே வரி: பங்கு கணக்கிடும்போது இப்போது யாருடையது ஓடுகிறது என்று பெயர் மாறி மாறிக் காட்ட வேண்டும். அறையில் எல்லோருக்கும் ஊர்தான் பெயர். இவன் கிருஷ்ணகிரி, மற்றவர்கள் திருவண்ணாமலை, ஆம்பூர், தேனி. வரியின் தொடக்கத்துக்குத் திரும்பி அடுத்த பெயரை மேலேயே எழுதுகிறான். பழைய பெயர் நீளமாக இருந்தால் வால் மிச்சம் நிற்குமே என்று, 20 இடம் வரை வெற்றிடம் நிரப்பச் சொல்லியிருக்கிறான். ஆங்கிலத்தில் எழுதியபோது சரியாக இருந்ததாம். தமிழில் எழுதியதும் திருவண்ணாமலைக்குப் பிறகு ஆம்பூர் வந்தால் திரையில் ஆம்பூர்ண்ணாமலை என்று ஒரு புது ஊர்.

இதில் எனக்கு உண்மையிலேயே சிரிப்பு வந்தது. காரணம் இப்படி. சி மொழியின் பிரிண்ட்எஃப் 20 இடம் என்றால் 20 பைட் என்று எண்ணும். ஆம்பூர் நமக்கு நான்கு எழுத்து: ஆ, ம், பூ, ர். யூனிகோடில் அது ஏழு குறி, ஏனென்றால் இரண்டு புள்ளியும் ஊகாரக் குறியும் தனித்தனி. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட், ஆக 21. இருபதைத் தாண்டிவிட்டதால் ஒரு வெற்றிடம்கூட நிரப்பவில்லை. திரையில் அது எத்தனை கட்டம் பிடிக்கும் என்பதோ வேறு கணக்கு, அதிலும் டெர்மினலுக்கு டெர்மினல் வேறுபாடு. புள்ளிக்குக் கட்டம் ஒதுக்காத டெர்மினல், ஊகாரக் குறிக்கு ஒதுக்கும். இன்னொன்று இரண்டுக்கும் ஒதுக்காது, அதில் ஆம்பூர்ணாமலை என்று வரும். எழுத்து, குறி, பைட், கட்டம் என்று ஒரே சொல்லுக்கு நான்கு நீளம். வெற்றிடத்தை எண்ணி நிரப்புகிற வழியில் தமிழுக்கு விமோசனம் இல்லை.

எண்ணவே தேவையில்லாத குறி ஒன்று இருக்கிறது. எஸ்கேப் [ கே. கர்சர் நிற்கும் இடத்திலிருந்து வரியின் கடைசி வரை அழி. வரித் தொடக்கத்துக்குப் போ, கே அனுப்பு, பெயரை எழுது. வால் எவ்வளவு நீளம் என்று டெர்மினலே பார்த்துக்கொள்ளும். ஒரு சின்ன எச்சரிக்கை மட்டும்: பின்புலத்துக்கு நிறம் போட்டிருந்தால் சில டெர்மினல்கள் அழித்த இடத்தையும் அந்த நிறத்தில் நிரப்பும், சில நிரப்பாது. நிறத்தை இயல்புக்கு மாற்றிவிட்டு அழிப்பது நல்லது.

ஏழு துடைப்பில் ஆறை எடுத்தோம், ஸ்லீப்பையும் எடுத்தோம். நிரல் தொடங்கும்போது இருந்த ஒன்றை மட்டும் விட்டுவிடும்படி கெஞ்சினான், பழக்கம் போகவில்லை. சரி என்று விட்டு, அதன் முன்னால் டெர்மினல்தானா என்று கேட்கும் வரியை எழுத வைத்து, ஹெச்சையும் சேர்த்தோம். மாலை ஆறு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டான். ஒன்பது மணிக்கு ஒரு செய்தி வந்தது: "ஆம்பூர் இப்ப ஆம்பூராவே நிக்குது மாமா. ஆனா போன மாசக் காஸ் சிலிண்டர் காசு யார் தரணும்னு இன்னும் சண்டை ஓயல."